மறையும் மகப்பேறும்: மதம் பிறப்பு விகிதத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது?

ஒரு சமூகத்தின் மதத்தைச் சொன்னால் அந்தச் சமூகத்துப் பெண்கள் எத்தனை பிள்ளைகள் பெறுவார்கள் என்று கணித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் பொதுப்பேச்சில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கத்தோலிக்கர்கள் கருத்தடையை ஏற்கமாட்டார்கள், முஸ்லிம்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இசையமாட்டார்கள், இந்துக்கள் மட்டும் அரசு சொன்னபடி குடும்பத்தைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பன போன்ற கூற்றுகள் மேடையிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஆதாரம் கேட்கப்படாமலே ஏற்கப்படுகின்றன. உலக வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கணக்கு முதல் பார்வையிலேயே உடைகிறது. வத்திக்கானைத் தன் தலைநகருக்குள் வைத்திருக்கும் இத்தாலியில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, அதாவது மொத்தக் கருவள விகிதம், ஏறத்தாழ 1.2. மதகுருமார் ஆட்சி நடக்கும் ஈரானில் அது இரண்டுக்கும் கீழே. மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் இருக்க இந்த விகிதம் சுமார் 2.1 இருக்க வேண்டும். இரு நாடுகளுமே அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. அப்படியானால் மதத்துக்கும் மகப்பேற்றுக்கும் தொடர்பே இல்லையா என்றால், அதுவும் சரியல்ல. பிலிப்பைன்ஸின் வரலாறும் இஸ்ரேலில் ஹரேதி எனப்படும் தீவிர மரபுவாத யூதர்களின் குடும்ப அளவும் தொடர்பு உண்டு என்றே காட்டுகின்றன. ஆகவே மதம் எந்த வழியாக, எந்தச் சூழலில், எவ்வளவு காலத்துக்குச் செயல்படுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. மறைநூலில் என்ன எழுதியிருக்கிறது என்பது பிறப்பு விகிதத்தைத் தீர்மானிப்பதில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சட்டம் ஆகியவற்றின் மீது மத அமைப்புக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அந்தப் பிடியும் பிறப்பு விகிதத்தின் வீழ்ச்சியைப் பெரும்பாலும் தாமதப்படுத்துமே தவிர, தடுத்துவிடுவதில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

ஒரே நூல், எதிரெதிர்த் தீர்ப்புகள்

மறைநூல்களிலிருந்தே தொடங்கலாம். பிள்ளைப்பேற்றை வரமாகக் கொண்டாடாத பெருமதம் இல்லை. துறவை உயர்த்திப் பிடிக்கும் மரபும் இவற்றில் பலவற்றுக்கு உண்டு. ஒரே நூலிலிருந்து எதிரெதிரான நடைமுறைகளைப் பெற முடியும் என்பதற்கு 1930ஆம் ஆண்டே போதிய சான்று. அந்த ஆண்டு லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆயர்கள், திருமணமான தம்பதியர் சில சூழல்களில் செயற்கைக் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தலாம் என்று முதன்முறையாக ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் பதினொன்றாம் பயஸ் போப்பாண்டவர் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையைப் பாவம் என்று அறிவித்தது. இரு தரப்பும் வாசித்தது ஒரே பைபிளைத்தான். இஸ்லாத்திலும் இதே நிலை. நபிகளின் காலத்தில் தோழர்கள் ‘அஸ்ல்’ என்ற, விந்தை வெளியே விடும் முறையைக் கையாண்டார்கள், அது தடுக்கப்படவில்லை என்று ஹதீஸ் தொகுப்புகள் பதிவுசெய்கின்றன. பெரும்பாலான சட்டப் பள்ளிகள் இதை அடிப்படையாகக் கொண்டு கருத்தடையை அனுமதித்தன. பதினொன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் கஸ்ஸாலி, குடும்பச் செலவு பற்றிய கவலையையும் மனைவியின் உடல்நலம், அழகு ஆகியவற்றைக் காக்கும் விருப்பத்தையும் ஏற்கத்தக்க காரணங்களாகவே எடுத்துப் பேசினார். இருபதாம் நூற்றாண்டில் பாகிஸ்தானின் இஸ்லாமிய அறிஞர் மௌதூதி அதே மரபிலிருந்து கருத்தடைக்கு எதிரான நூலை எழுதினார். இந்து மதத்தில் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் மையத் தலைமையே கிடையாது. காந்தி புலனடக்கம் ஒன்றே வழி என்றும் கருத்தடைச் சாதனங்கள் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றும் கருதினார். 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து வாதாடிய அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கரால் அவர் மனத்தை மாற்ற இயலவில்லை. எனினும் காந்தியைத் தேசத் தந்தையாக ஏற்ற இந்தியாதான் 1952இல், உலகிலேயே முதலாவதாக, குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. வாசிப்பவரின் தேவைக்கேற்ப நூல் பேசுகிறது என்றால், விடையை நூலுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

ரோமும் மணிலாவும்

கத்தோலிக்க உலகம் இந்தத் தேடலுக்கு நல்ல ஆய்வுக்களம். அங்கே கோட்பாடு ஒன்றுதான், தலைமையும் ஒன்றுதான். விளைவுகள் மட்டும் பல. கருத்தடை மாத்திரை வந்தபின் இந்தக் கேள்வியை ஆராய வத்திக்கான் அமைத்த ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் தடையைத் தளர்த்தப் பரிந்துரைத்தார்கள். ஆறாம் பவுல் போப்பாண்டவர் அதை ஏற்காமல் 1968 ஜூலையில் ‘ஹுமானே விட்டே’ சுற்றுமடலை வெளியிட்டுப் பழைய தடையை உறுதிப்படுத்தினார். அதன்பிறகு நடந்தவை தெரிந்தவைதான்: இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளின் பிறப்பு விகிதம் சரிந்து, உலகின் மிகக் குறைந்த விகிதங்களில் சேர்ந்துகொண்டது. கனடாவின் கியூபெக் மாகாணம் இன்னும் தெளிவான சான்று. ஆங்கிலம் பேசும் பெரும்பான்மைக்கு நடுவே பிரெஞ்சு மொழியையும் கத்தோலிக்க அடையாளத்தையும் காக்கப் பெரிய குடும்பங்களே அரண் என்று அங்கே நெடுங்காலம் பிரசாரம் செய்யப்பட்டது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் திருச்சபையின் கையில் இருந்தன. 1950களில் ஏறத்தாழ நான்காக இருந்த கருவள விகிதம், 1960களின் ‘அமைதிப் புரட்சி’யில் கல்வியும் மருத்துவமும் அரசின் கைக்கு மாறியதும் சரியத் தொடங்கி, 1970க்குள் இரண்டைத் தொட்டு, 1987இல் 1.36க்கு வீழ்ந்தது. கியூபெக் மக்கள் வேறு மதத்துக்கு மாறிவிடவில்லை. பெரும்பாலோர் தம்மைக் கத்தோலிக்கர் என்றே சொல்லிக்கொண்டார்கள். மாறியது, அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை நடத்திய நிறுவனங்களின் சாவி. அயர்லாந்தில் இதே கதை மெதுவாக நடந்தது. 1935இல் கருத்தடைச் சாதனங்களின் விற்பனையைத் தடைசெய்த சட்டம் 1979இல் பாதி தளர்ந்து, 1985இல் மேலும் தளர்ந்தது. சட்டம் தளர்ந்த அந்தக் காலத்தில்தான், 1970 வாக்கில் நான்கை ஒட்டியிருந்த விகிதம் இரண்டை நோக்கி இறங்கியது.

திருச்சபை சட்டத்தின் மீதான பிடியை விடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சான்று. 1970 வாக்கில் பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் தலா மூன்றரைக் கோடியை ஒட்டிய மக்கள்தொகையோடு ஏறக்குறைய சமமாக நின்றன. இரண்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு குழந்தைகள். தாய்லாந்து அரசு 1970இல் மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தது. மருத்துவர் எட்டாத கிராமங்களில் துணைச் செவிலியரே மாத்திரை வழங்கலாம் என்று அனுமதித்தது. மீச்சாய் வீரவைத்யா என்ற செயற்பாட்டாளரின் இயக்கம் ஆணுறையை வெட்கத்துக்குரிய பொருளாக இல்லாமல் சந்தைச் சரக்காக மாற்றியது; பௌத்த பிக்குகள் கருத்தடைப் பொருள்களுக்குப் புனிதநீர் தெளித்து ஆசி வழங்கிய நிகழ்ச்சிகளும் நடந்தன. இருபது ஆண்டுகளில் தாய்லாந்தின் விகிதம் இரண்டாகக் குறைந்தது. பிலிப்பைன்ஸில் ஆயர்களின் எதிர்ப்புக்கு அரசுகள் அஞ்சின. 2000ஆம் ஆண்டில் மணிலா மேயர் பிறப்பித்த ஆணை, நகர அரசு மருத்துவ நிலையங்களிலிருந்து செயற்கைக் கருத்தடை முறைகளை நடைமுறையில் வெளியேற்றியது. கருத்தடைச் சேவையை உரிமையாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபட்டு, 2012 டிசம்பரில்தான் சட்டமானது. உச்ச நீதிமன்றத்தின் தடையைக் கடந்து நடைமுறைக்கு வர 2014 ஆகிவிட்டது. இன்று தாய்லாந்தின் மக்கள்தொகை சுமார் ஏழு கோடி, பிலிப்பைன்ஸுடையது பதினொரு கோடிக்கும் மேல். வறுமைதான் இதற்குக் காரணம், மதமல்ல என்று ஒருவர் மறுக்கலாம். பொருளாதாரத்துக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஆசியாவிலேயே நன்கு படித்தவர்களில் சேர்ந்தவர்கள். கல்வி இருந்தும் வீழ்ச்சி தாமதப்பட்டதற்குச் சட்டத்தையும் அரசு மருத்துவமனையையும் திருச்சபை கட்டிப்போட்டதே முக்கியக் காரணம். அந்தத் தடை வசதியுள்ள குடும்பங்களைப் பாதிக்கவில்லை. அவர்கள் மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருந்த ஏழைப் பெண்களே விரும்பாத கர்ப்பங்களைச் சுமந்தார்கள். தாமதம் அத்தனை பெரிதாக இருந்தும் முடிவு மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: 1973இல் ஆறாக இருந்த பிலிப்பைன்ஸின் விகிதம் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1.9 என்று பதிவானது.

மதகுருமார் ஆட்சியில் சிறு குடும்பம்

மதம் நேரடியாகவே ஆட்சி நடத்தும் இடத்தில் இந்த வாதம் தோற்றுப்போகாதா என்று கேட்கலாம். ஈரான் அந்தச் சோதனையை இரு திசைகளிலும் நடத்திக் காட்டியிருக்கிறது. ஷா மன்னர் 1967இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1979 புரட்சிக்குப் பின் வந்த அரசு கைவிட்டது. பெண்ணின் திருமண வயது குறைக்கப்பட்டது. ஈராக்குடன் நடந்த போரின்போது இருந்த பங்கீட்டு முறை, தலைகள் அதிகமுள்ள குடும்பங்களுக்குச் சாதகமாக இருந்தது. 1976இல் 3.37 கோடியாக இருந்த மக்கள்தொகை 1986 கணக்கெடுப்பில் 4.94 கோடியானது. அதில் ஆப்கான் அகதிகளின் வரவும் அடக்கம். போர் முடிந்ததும் நாட்டைச் சீரமைக்க உட்கார்ந்த திட்ட வல்லுநர்கள் இந்த எண்ணைக் கண்டு மலைத்தார்கள். புரட்சியின் தொடக்கக் காலத்திலேயே கருத்தடை மதத்துக்கு விரோதமல்ல என்று புரட்சித் தலைவர் கொமேனி சொல்லியிருந்தது இப்போது கைகொடுத்தது. 1989இல் திட்டம் மீண்டும் வந்தது. 1993இல் இயற்றப்பட்ட சட்டம் நான்காவது குழந்தையிலிருந்து அரசுச் சலுகைகளை நீக்கியது. ‘பெஹ்வர்ஸ்’ எனப்பட்ட கிராம சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். திருமணம் செய்ய விரும்புவோர் கருத்தடை வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை உரைகளில் சிறு குடும்பத்தின் நன்மை பேசப்பட்டது. அதே காலத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகள் பெருமளவில் பள்ளிக்கு வந்தார்கள். புரட்சிக்குப் பின் பள்ளி ‘இஸ்லாமியமயமான’தால், தயங்கிய மரபுவாதப் பெற்றோரும் மகள்களை அச்சமின்றி அனுப்பினார்கள் என்பது இதில் மறைந்திருக்கும் முரண். 1980களின் நடுவில் ஆறுக்கும் மேலிருந்த கருவள விகிதம் 2000ஆம் ஆண்டை ஒட்டி இரண்டுக்கு வந்துவிட்டது. உலக வரலாற்றிலேயே மிக வேகமான வீழ்ச்சிகளில் ஒன்று இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதியோர் பெருகுவதைக் கண்டு கவலைகொண்ட தலைமை மறுபடியும் திசை மாறியது. 2012இல் உச்சத் தலைவர் காமனேயி, கருத்தடைக் கொள்கையைத் தொண்ணூறுகளின் நடுவிலேயே நிறுத்தியிருக்க வேண்டும், தொடர்ந்தது தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். திட்டத்துக்கான நிதி வெட்டப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நின்றது. 2021இல் பெரிய குடும்பத்தை ஊக்குவிக்கும் சட்டம் வந்தது. ஆனால் விகிதம் இரண்டுக்குக் கீழேயே இருக்கிறது. மதத் தலைமை ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்றபோது மக்கள் கேட்டார்கள். ‘பெருக்குங்கள்’ என்றபோது கேட்கவில்லை. முதல் அழைப்பு வீட்டின் தேவையோடு பொருந்தியது, இரண்டாவது பொருந்தவில்லை. படித்த மகளும், விலைவாசியும், பெருநகர வாடகையும் பேசும் மொழிக்கு முன்னால் ஃபத்வாவின் குரல் தணிந்துவிடுகிறது. ஆனாலும் திட்டம் ரத்தானதன் விலையை ஈரானிலும் ஏழைப் பெண்களே கொடுக்கிறார்கள்.

ஈரானை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாதபடி வங்கதேசமும் பாகிஸ்தானும் சாட்சி சொல்கின்றன. 1971இல் பிரிந்தபோது இரண்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகள். இரண்டும் சன்னி முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள். வங்கதேசம் இரண்டில் ஏழையானது. 1977இல் மத்லப் வட்டாரத்தில் நடந்த புகழ்பெற்ற பரிசோதனை, பெண் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே சென்று பல வகைக் கருத்தடை முறைகளை வழங்கினால் எழுதப்படிக்கத் தெரியாத ஏழைப் பெண்களும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நிறுவியது. பர்தா வழக்கத்தால் வெளியே வராத பெண்களிடம் சேவையை எடுத்துச் சென்றதுதான் அதன் வெற்றி. மதவழக்கத்தோடு மோதாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னர் பெண்களுக்கு வேலை, நுண்கடன், 1994 முதல் நாடு தழுவிய மாணவியர் உதவித்தொகை ஆகியவை சேர்ந்தன. 1988இல் இஸ்லாம் அரசு மதமாக அறிவிக்கப்பட்டபோதும் வீழ்ச்சி நிற்கவில்லை. 2011க்குள் விகிதம் 2.3 ஆனது. பாகிஸ்தானில் அயூப்கான் காலத்துத் திட்டம் மத அரசியலின் இலக்கானது, ஜியா உல் ஹக் காலத்தில் அதன் பிரசாரம் அடங்கிப்போனது, பெண்கல்வி பின்தங்கியது. 2017-18 கணக்கெடுப்பில் அங்கே விகிதம் 3.6. ஒரே மதத்திலிருந்து இத்தனை விலகிய இரு முடிவுகள் வரும்போது, காரணத்தை அந்த மதத்தின் உள்ளே தேடுவதில் பொருளில்லை.

இந்தியக் கணக்கு

இந்தியாவுக்கு வருவோம். தேசிய குடும்பநல ஆய்வின் முதல் சுற்றில், 1992-93இல், இந்துப் பெண்களின் கருவள விகிதம் 3.3, முஸ்லிம் பெண்களுடையது 4.4. ஐந்தாம் சுற்றில், 2019-21இல், இவை முறையே 1.94, 2.36. இடைவெளி ஒன்றுக்கு மேல் இருந்ததிலிருந்து அரைக்கும் கீழே வந்துவிட்டது. இன்னொரு விதமாகப் பார்த்தால், இன்றைய முஸ்லிம் விகிதம் 2005-06இல் இந்துக்களுக்கு இருந்த 2.59ஐவிடக் குறைவு. ஒரே பாதையில் பதினைந்தாண்டு பின்னால் நடந்து வருகிறார்கள் என்பதுதான் இதன் பொருள். மாநில வாரியாகப் பிரித்தால் மதத்தின் பங்கு இன்னும் சுருங்குகிறது. பிகாரின் இந்துப் பெண்களின் விகிதம் ஏறத்தாழ 2.9, கேரள முஸ்லிம் பெண்களுடையது ஏறத்தாழ 2.25. முஸ்லிம் பெரும்பான்மையுள்ள ஜம்மு காஷ்மீரிலும் லட்சத்தீவிலும் ஒட்டுமொத்த விகிதம் 1.4தான், தமிழ்நாட்டின் 1.8ஐவிடக் குறைவு. கிறிஸ்தவர்களிடத்தும் இதுவே: நாடு தழுவிய அளவில் அவர்களுடைய விகிதம் 1.88; கிறிஸ்தவர் பெரும்பான்மையுள்ள மேகாலயத்தில் ஒட்டுமொத்த விகிதம் 2.9. தமிழ்நாடும் பிகாரும் இந்துப் பெரும்பான்மை மாநிலங்கள். விகிதம் ஒன்றில் 1.8, மற்றதில் 3.0. வேறுபாட்டின் காரணத்தை அதே ஆய்வு தருகிறது. ஆயிரம் பிறப்புக்குத் தமிழ்நாட்டில் சுமார் 19 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறக்கின்றன, பிகாரில் சுமார் 47. பத்தாண்டோ அதற்கு மேலோ பள்ளி சென்ற பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேர், பிகாரில் 29 பேர். பதினெட்டு வயதுக்கு முன் மணமுடித்த இளம்பெண்கள் தமிழ்நாட்டில் 13 சதவீதம், பிகாரில் 41 சதவீதம். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி வந்தால்தான் தாய் இரண்டோடு நிறுத்துவாள். இந்த உறுதியைத் தருவது ஆரம்ப சுகாதார நிலையம்.

அப்படியானால் இந்தியாவில் மதத்துக்கு எந்தப் பங்கும் இல்லையா? உண்டு, இரண்டு இடங்களில். முதலாவது, கருத்தடை முறையைத் தேர்ந்தெடுப்பதில். இந்தியத் திட்டம் தொடக்கத்திலிருந்தே நிரந்தர அறுவைச் சிகிச்சையை நம்பி நடந்தது. அவசரநிலைக் காலத்தில் 1976-77 என்ற ஓராண்டிலேயே ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தக் கட்டாயத்தின் வடு இன்னும் ஆறவில்லை, ஆண்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இன்றும் மணமான பெண்களில் 38 சதவீதத்தினர், தமிழ்நாட்டில் 58 சதவீதத்தினர், ‘ஆபரேஷன்’ செய்துகொண்டவர்கள். இறைவன் தந்த உடலை நிரந்தரமாக மாற்றக்கூடாது என்று பல முஸ்லிம் அறிஞர்கள் கருதுகிறார்கள். தற்காலிக முறைகளுக்கு அந்த அளவு எதிர்ப்பு இல்லை. அதனால் முஸ்லிம் பெண்கள் மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி போன்றவற்றைக் கூடுதலாக நாடுகிறார்கள். அரசோ அறுவைச் சிகிச்சைக்கே முகாம் நடத்தியது; ஊக்கத்தொகையையும் அதற்கே கூடுதலாக வழங்கியது. கருத்தடை ஊசி அரசு மருத்துவமனைக்கு வர 2017 ஆயிற்று. இதே மனத்தடை இருந்த இந்தோனேசியாவில் 1970 முதல் மாத்திரை, ஊசி, காப்பர்-டி ஆகியவற்றை முன்னிறுத்தி, நஹ்தலத்துல் உலமா போன்ற பெரும் மத அமைப்புகளின் ஒத்துழைப்போடு திட்டம் நடந்தது. ஐந்தைத் தாண்டியிருந்த விகிதம் முப்பதாண்டில் பாதிக்கு வந்தது. ஆக, இந்திய இடைவெளியின் ஒரு பகுதி மதத்தின் விளைவு என்பதைவிட, மதத்தைக் கணக்கில் எடுக்காத திட்டத்தின் விளைவு என்பதே பொருத்தம்.

இரண்டாவது இடம், ஆண் பிள்ளை மோகம். பெற்றோருக்குக் கொள்ளிவைக்கவும் சடங்கு செய்யவும் மகன் வேண்டும் என்ற நம்பிக்கை, சொத்தும் வரதட்சணையும் சேர்ந்த குடும்ப அமைப்போடு பிணைந்து, மகன் பிறக்கும்வரை பெண் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே போகும் வழக்கத்தை வளர்த்தது. குடும்பம் சுருங்கியபோது அதே மோகம் பெண் கருவைக் கலைப்பது என்ற வேறு வடிவம் எடுத்தது. 2001 கணக்கெடுப்பில் பஞ்சாபில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 798 பெண்களே இருந்தார்கள். ஆண்-பெண் சமத்துவத்தைப் போதித்த சீக்கியம் செல்வாக்குடன் விளங்கும் மாநிலம் அது. மதத்தின் போதனையைவிட நிலவுடைமைக் குடும்பத்தின் கணக்கு வலியது என்பதை இதைவிடக் கசப்பாகச் சொல்ல முடியாது.

இங்கே இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும். பலதார மணத்தால் முஸ்லிம் மக்கள்தொகை பெருகுகிறது என்பது ஒன்று. ஐந்தாம் சுற்று ஆய்வின்படி கணவனுக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், இந்துக்களில் 1.3 சதவீதம்; வேறுபாடு அற்பம். அதைவிட அடிப்படையான விஷயம், பிறப்பின் எண்ணிக்கை பெண்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓர் ஆண் இரு பெண்களை மணந்தால் பெண்களின் தொகை கூடிவிடுவதில்லை. இரண்டாவது மறுப்பு, மக்கள்தொகையில் முஸ்லிம்களின் பங்கு 1951இல் 9.8 சதவீதத்திலிருந்து 2011இல் 14.2 சதவீதமாக உயர்ந்தது மெய்தானே என்பது. மெய்தான். வீழ்ச்சி தாமதமாகத் தொடங்கிய சமூகத்தில் இளம்வயதினர் அதிகம் என்பதால், விகிதம் குறைந்த பிறகும் சிறிது காலம் தொகை கூடும். ஆனால் அவர்களுடைய பத்தாண்டு வளர்ச்சி 29.5 சதவீதத்திலிருந்து 2001-2011இல் 24.6 சதவீதமாக, ஏறத்தாழ ஐந்து புள்ளிகள் குறைந்தது. அதே காலத்தில் இந்துக்களின் வளர்ச்சி 19.9இலிருந்து 16.8 ஆக, மூன்று புள்ளிகள் குறைந்தது. வேகமாக இறங்குகிறவர்களைப் பார்த்து ‘ஏறுகிறார்கள்’ என்று அஞ்சுவது கணக்கறியாமை அல்லது அரசியல்.

மதத்தின் கை ஓங்கும் இடம்

இந்த வாதத்துக்கு வலுவான சவால் இஸ்ரேலின் ஹரேதி யூதர்களிடமிருந்து வருகிறது. வளமான நாடு, சிறந்த மருத்துவம், குழந்தை இறப்பு மிகக் குறைவு. இருந்தும் அவர்களிடையே ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகள். வட அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் பெரிய குடும்பங்களைத் தொடர்கிறார்கள். கெவின் மெக்குவிலன் என்ற மக்கள்தொகையியலாளர் 2004இல் எழுதிய கட்டுரை இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. மதம் குழந்தைப்பேற்றைப் பாதிக்க மூன்று நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும் என்றார் அவர்: மகப்பேறு, திருமணம் பற்றிய தெளிவான நெறிகள் அந்த மதத்தில் இருக்க வேண்டும், அவற்றைப் பரப்பவும் மீறுவோரைக் கட்டுப்படுத்தவும் அமைப்பு வேண்டும், மக்களுக்கு மத அடையாளம் வாழ்வின் மையமாக இருக்க வேண்டும். ஹரேதிகளிடம் மூன்றும் உண்டு. பள்ளி அவர்களுடையது, திருமணத்தை முடிப்பது சமூகம், விலகுகிறவர் உறவையே இழக்கிறார். அரசின் மானியமும் பல காலம் இருந்த படைச்சேவை விலக்கும் அந்த மூடிய வாழ்க்கைக்கு முட்டுக்கொடுத்தன. ஆகவே இந்தச் சான்று நிறுவனப்பிடி பற்றிய வாதத்தை உடைக்கவில்லை, உறுதிசெய்கிறது. அதே இஸ்ரேலில் பொதுப்பள்ளிக்கும் வேலைச் சந்தைக்கும் வந்த முஸ்லிம் பெண்களின் விகிதம் 2000இல் 4.7ஆக இருந்து இப்போது மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆப்பிரிக்காவைக் காட்டி ஆட்சேபிப்பவர்களும் உண்டு. 2012 கணக்கெடுப்பில் முஸ்லிம் நாடான நைஜரில் விகிதம் 7.6, ஆனால் 2013-14இல் கிறிஸ்தவர் பெரும்பான்மையுள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் அது 6.6. இரண்டுக்கும் பொதுவானது மதமன்று; குழந்தை இறப்பும் பள்ளி காணாத பெண் பிள்ளைகளும்தான்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் வேறொரு கோணத்திலும் நடந்திருக்கிறது. பெரியார் 1930களிலேயே ‘குடி அரசு’ இதழில் கருத்தடையை ஆதரித்து எழுதினார். தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் வாதிட்டபோது, பெண் சுதந்திரமாக வாழ அது வேண்டும் என்று அவர் நிலைப்பாடு எடுத்தார். மதவாதியும் மக்கள்தொகைத் திட்டக்காரரும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்பதை அந்த நிலைப்பாடு வெளிச்சமாக்குகிறது: இருவருமே கருப்பையை ஒரு கூட்டத்தின் சொத்தாகக் கருதுகிறார்கள். ஒருவர் மதத்தின் எண்ணிக்கைக்காகப் பெறச் சொல்கிறார், மற்றவர் நாட்டின் எண்ணிக்கைக்காக நிறுத்தச் சொல்கிறார். 2024இல் இந்தக் குரல்கள் நம்மிடையே மீண்டும் கேட்டன. குடும்பத்துக்கு மூன்று குழந்தைகள் தேவை என்ற பொருளில் ஆர்எஸ்எஸ் தலைவர் மோகன் பாகவத் பேசினார். தொகுதி மறுவரையறையை முன்னிட்டுத் தென்மாநில முதல்வர்களும் கூடுதல் பிள்ளைகள் பற்றிப் பேசினார்கள். ஈரானின் அனுபவம் இவர்கள் எல்லோருக்கும் பாடம். அதிகாரம் கையிலிருந்தும் உச்சத் தலைவரால் முடியாததை மேடைப் பேச்சு சாதிக்காது.

எனவே கொள்கை வகுப்போர் செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. மதவாரியாகப் பிறப்புகளை எண்ணி அச்சத்தை விதைப்பதை விட்டுவிட்டு, பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் எந்த மதத்துப் பெண் பிள்ளையாக இருந்தாலும் பத்தாம் வகுப்பைத் தாண்டும்படி செய்ய வேண்டும். பிறந்த குழந்தை பிழைப்பதற்கு உறுதி தர வேண்டும். அறுவைச் சிகிச்சையோடு நிற்காமல் எல்லாத் தற்காலிக முறைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டும். மதத் தலைவர்களை எதிரிகளாக்காமல், இந்தோனேசியாவைப் போல் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதே வேளையில் பிலிப்பைன்ஸில் நடந்ததுபோல் சட்டத்தின் சாவியை அவர்களிடம் கொடுத்துவிடவும் கூடாது. எத்தனை பிள்ளை என்பதைக் கோயிலும் மசூதியும் திருச்சபையும் கட்சியும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. பெறுகிறவள் முடிவுசெய்யட்டும், அவளுக்குக் கல்வியும் மருத்துவமும் கிடைத்த இடங்களிலெல்லாம், மதம் எதுவானாலும், அவள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ போதும் என்றே முடிவுசெய்திருக்கிறாள்.